கோட்டை அனுப்பிய விலைக்காரர்

ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். காய்ந்த இறாலைத் தலையில் சுமந்து காட்டூர் வரைக்கும் நடந்து, நெல்லாக மாற்றிக்கொண்டு திரும்பியவன். அப்படிச் சேர்த்துத்தான் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்தேன். யாருக்கும் வேண்டாத கோடியில், தண்ணீர் ஏறும் உவர்மண்ணைத்தான் எனக்கு விட்டார்கள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்கி இடுப்புயரத்துக்கு மேடை எழுப்பினேன். அதற்குப் பிறகு எந்த வெள்ளத்திலும் என் மூட்டை நனைந்ததில்லை. தெரு நடுவில் இருந்த செட்டியார் கடை மூட்டை நனைந்தது. நல்ல தண்ணீர் வராது என்று எல்லோரும் சிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. இரண்டு தோணி வாங்கினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, உப்பு, கருவாடு அத்தனையையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்றவன் இந்தக் கரையில் நான்தான் முதல். அதற்கு முன்னால் ஒரு வீட்டில் உலை வைக்க நாலு கடை ஏறி இறங்க வேண்டும். எழுத்து எனக்கு மணலில் விரல் தேய்த்ததோடு சரி. இதையும் தட்டுத் தடுமாறித்தான் எழுதுகிறேன்.

பெருமை பேசுகிறான் என்பீர்கள். பெருமைதான். ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. நான் கட்டிய அத்தனையையும் ஒரு வாரத்தில் மண்ணாக்கியிருக்கக்கூடிய வேலை அவருடையது. அதை அவர் செய்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

அவருக்குப் பெயர் உண்டு. எங்களுக்கு அவர் விலைக்காரர். பயிர் வைத்த குடும்பம். சின்ன வயதிலேயே ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் வேலைக்குப் போய் அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டவர். மழை தவறி அரிசி விலை ஏறும்போதெல்லாம் கோட்டை அவரைத்தான் கடைத்தெருவுக்கு அனுப்பும். கோட்டைக்கு எங்கள் வயிற்றின் மேல் அக்கறை என்று நினைக்க வேண்டாம். சோற்றுக்கு வழியில்லை என்றால் நெசவாளி தறியை மடக்கிக்கொண்டு வேறு ஊர் பார்ப்பான். துணி இல்லாமல் கப்பல் சும்மா நிற்கும். அதனால் கடைக்காரனை நெருக்கு, கோட்டை குறித்த விலைக்கு இறக்கு. இதுதான் அவருக்கு இட்ட வேலை.

அவரோ ஒரு நாளும் "விலையை இறக்கு" என்று வாய் திறந்து சொன்னதில்லை. எதையுமே அவர் வாய் திறந்து சொன்னதில்லை. வருவார், உட்காருவார்.

கக்கத்தில் ஒரு பலாமரத்து மணை இருக்கும். அரிசிக் கூடைகளுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் நடுவே அதைப் போடுவார். நெட்டையான மனிதர். மடங்கி உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும். பனையோலைக் குடையை மடியில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், அன்றைய காலை முடிந்தது.

"வாங்கய்யா. இன்னா சேதி?"

"சும்மாதாம்பா வந்தேன்."

"வெலை விசயமா?"

"இல்லியே. கொண்டல் காத்து திரும்பிடுச்சா?"

காற்றைக் கேட்பார். என் முழங்கால் வலியைக் கேட்பார். தோணிக்கு எண்ணெய் தடவியாயிற்றா என்று கேட்பார். அரிசியை மட்டும் கேட்கமாட்டார். அதற்குள் அக்கரையிலிருந்து கூடையோடு வந்த பெண்கள் அவரைப் பார்த்துவிடுவார்கள். பிறகு அவர் எதற்குப் பேச வேண்டும்?

"வெலைக்காரரே குந்திக்கினு கீறாரு. இன்னுமா அதே வெலை சொல்ற?"

"அவரு ஒன்னும் கேக்கலியேம்மா."

"அவரு கேக்காட்டி இன்னா, நாங்க கேக்கறோம்."

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அவர் போனதும் சொன்னாள்: "வாயத் தொறந்து ஒரு தபா கேட்டுட்டா, முடியாதுன்னு சொல்லி அனுப்பிடலாம். கேக்காத மனுசன்கிட்ட இன்னாத்த முடியாதுன்றது?"

கோட்டைத் துரை ஒரு முறை அரிசிக் கடைக்காரர் ஏழு பேரையும் கூப்பிட்டனுப்பினார். கோட்டை வாசலில் வெயிலில் நின்றோம். துரை பேச ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கைப்பிடிச் சுவரைக் குத்தினார், எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக விரல் நீட்டினார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது விலைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"துரைக்கு உங்கள எல்லாம் பாத்ததுல சந்தோசமாம். கொஞ்சம் வருத்தமும் கீதாம்."

செட்டியார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் வருத்தத்துக்கா இத்தினி எச்சி தெறிச்சுது?"

எங்களில் வயதில் மூத்தவரான மரைக்காயர் பதில் சொன்னார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "நாங்க வாங்கின வெலை இன்னான்னு துரைக்குத் தெரியுமா? அவருகிட்டதான் கப்பல் கீதே. அரிசி ஏத்தியாந்து தெருவுல கொட்டச் சொல்லுங்க. நாங்க கடைய மூடிட்டு வூட்டுல படுத்துக்கறோம்."

விலைக்காரர் துரையிடம் திரும்பி இரண்டே வார்த்தை சொன்னார். துரையின் முகம் தணிந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "அய்யா, மரைக்காயர் சொன்னத இன்னான்னு மாத்திச் சொன்னீங்க?"

"யோசிக்கறாங்கன்னு சொன்னேன்."

"நாங்க எங்கய்யா யோசிச்சோம்?"

"இனிமே யோசிப்பீங்க இல்ல."

இரண்டு பக்கத்துக் கோபமும் அந்த மனிதருக்குள் போய் அங்கேயே நின்றுவிடும். வெளியே ஒரு சொட்டு வராது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்கு அரிசி எங்கே வாங்குகிறார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கோட்டையிலிருந்து வருகிறது என்றார்கள் சிலர். கடைக்காரர்களிடம் மிரட்டி வாங்குகிறார் என்றார்கள் சிலர். ஒரு நாள் பார்த்தேன். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செட்டியார் கடையில் நின்றிருந்தாள். தெருவிலேயே விலை கூடிய கடை அது. சொன்ன விலையைக் கொடுத்து, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். பை சின்னதாக இருந்தது. அந்த வீட்டில் எத்தனை வாய் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மணையில் உட்கார்ந்தவரிடம் கேட்டேவிட்டேன். "எங்க கடைல வாங்கக்கூடாதாய்யா? செட்டியாரவிடக் கம்மியாதானே போட்டுக்கினு கீறேன்."

குடையின் ஓலை நரம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "உன் முழங்காலு எப்டிப்பா கீது?" என்றார்.

முதல் முறை நான் விலையை இறக்கியது இரக்கத்தால் இல்லை, பயத்தாலும் இல்லை. அவர் தொடர்ந்து வந்து உட்கார்ந்ததில் வந்த அலுப்பால். "சரிய்யா, கோட்டை வெலைக்கே போடறேன், மணைய எடுங்க" என்றேன். எடுத்துக்கொண்டு போனார். உச்சிப்பொழுதுக்குள் ஏரிக்கரையில் தோணி நிறுத்த இடமில்லை. அக்கரைக் குப்பங்கள், நெசவுத் தெரு, அனுப்பம்பட்டு வரை சேதி போய்விட்டது. நாளைக்கு இந்த விலை இருக்குமோ இருக்காதோ என்று ஆளாளுக்கு மூட்டை மூட்டையாகத் தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் என் கூடைகளில் அடித்தவிடு மட்டும் இருந்தது.

மற்ற ஆறு கடைகளும் அன்றைக்குக் கூடைகளை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டன. மறுநாள் என்னிடம் சரக்கில்லை என்று தெரிந்ததும் முன்னைவிட ஏற்றி விற்றார்கள். செட்டியார் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எறாக்காரன் தருமம் பண்றான்யா. கையால தடவிச் சேத்ததைக் கையாலயே வாரி வுட்டுட்டான்."

இறால் தடவி வந்தவன் என்பதால் தெருவில் என் பெயர் எறாக்காரன். எத்தனை மேடை கட்டினாலும் அதுதான் பெயர்.

விலைக்காரர் வந்தார். கத்தித் தீர்த்தேன். "உங்க பேச்சக் கேட்டுக் கெட்டேன்" என்றேன். அவர் பேசியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் குனிந்து, வாசலில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். மண்ணை ஊதி ஊதி, ஒரு கைப்பிடி சேர்ந்ததும் என் வெறுங்கூடையில் போட்டார். பிறகு போய்விட்டார்.

நான் மறுபடி தோணி விட்டுச் சரக்கு சேர்த்தேன். மழை மட்டும் வரவில்லை. விலை ஏறியது. எந்தக் கடைக்காரனும் இறக்க முன்வரவில்லை. முதலில் இறக்குகிறவன் கதி என்னவென்று என்னைப் பார்த்தாயிற்றே. நெசவுத் தெருவில் சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் இறால் தடவும் சனங்கள் கோரைக்கிழங்கு தோண்டப் போனார்கள். விலைக்காரர் வருவதும் உட்காருவதும் நடந்தது. அவர் முகத்திலும் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு காலை. நான் கரையில் தோணியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். விலைக்காரர் வந்தார். கக்கத்தில் மணை இல்லை. உட்காரவில்லை, நின்றார்.

"வெள்ளிக்கெழமை பூட்ட ஒடைக்கறாங்க" என்றார். "ஏழு கடையும். சரக்கெல்லாம் கோட்டைக்குள்ள போவுது. துரை முடிவு பண்ணிட்டாரு. என்னால ஆவலப்பா."

இத்தனை வருஷத்தில் அவர் ஒன்றை நேராகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செட்டியாருக்கும் மரைக்காயருக்கும் சரக்குப் போனால் நிலம் உண்டு, உறவு உண்டு, வேறு ஊரில் கடை உண்டு. எனக்கு அந்த மூட்டைகள் போனால் மறுபடி சேறுதான்.

"எல்லாரும் ஒன்னா எறக்கினா?"

"மொதல்ல எவன் எறக்குவான்?"

இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தார் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் இன்னொரு குப்பத்தார் படகை இழுத்துப் போட்டுவிட்டு, வலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஏரியில் அது வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல மீன் ஓடும் இடத்தில் இன்றைக்கு ஒருவர் முறை, நாளைக்கு அடுத்தவர் முறை. முறை இல்லாதவர் இறங்கமாட்டார். கையால் தடவுகிற எங்கள் வீடுகளுக்குப் பாடு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓரமாக நின்று, மற்றவர் முறை மாற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். உள்ளே இருந்தவனைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அய்யா, அங்க பாருங்க. மீனு ஓடுது, கைல வலை கீது. ஆனா எறங்காம குந்திக்கினு கீறானுங்க."

"அவங்க பாடு இன்னிக்கி இல்ல."

"அதாங்கய்யா. அரிசிக்கும் பாடு வைங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கி ஒரு கடை. அன்னிக்கி அந்தக் கடைல மட்டும் கோட்டை வெலை. மத்தவன் அவனவன் வெலைக்கு வித்துக்கட்டும். அடுத்த நாளு அடுத்த கடை. ஏழு கடை, ஏழு நாளு. எவனும் மொதல்ல எறக்கினவனும் இல்ல, கடைசில எறக்கினவனும் இல்ல."

"கூட்டம் வந்து ஒரே நாளுல தொடச்சிட்டுப் போயிடுமே. உனக்கு நடந்தது."

"எனக்கு ஏன் நடந்துச்சு? நாளைக்கி இந்த வெலை இருக்காதுன்னு பயந்துக்கினு அள்ளினாங்க. நாளைக்கிப் பக்கத்துக் கடைல உண்டுன்னு தெரிஞ்சா எவன் மூட்டையா தூக்குவான்? அன்னன்னிய ஒலைக்கு வேண்டியத வாங்கிக்கினு போவான்."

அவர் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். விரலால் ஏழு கோடு கிழித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இப்பதானேய்யா எனக்கே தோணுச்சு."

"சொல்லாத. எறாக்காரன் சொன்னான்னு தெரிஞ்சா செட்டியார் கடைய எரிச்சாலும் எரிப்பாரே தவிர ஒத்துக்க மாட்டாரு. கோட்டை சொல்லிச்சுன்னா முணுமுணுத்துக்கினே செய்வாரு."

"அப்ப எம்பேரு?"

"எல்லாம் தணியட்டும். நானே எல்லாருக்கும் முன்னால சொல்றேன்."

அன்று மாலையே துரை உத்தரவு என்று சொல்லிக் கடைக்காரர்களைக் கூட்டினார். ஏழு கிளிஞ்சலில் ஏழு குறி போட்டு, துண்டுக்குள் குலுக்கி, முறை எடுத்தார்கள். ஏரியில் பாடு எடுப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். முறை வந்த கடையின் வாசலில் பனங்குருத்து கட்ட வேண்டும், தோணியில் வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். செட்டியார் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது மீனு புடிக்கறவன் சமாச்சாரம் ஆச்சே. துரைக்கு எப்டித் தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். கால் விரலிடுக்கில் இன்னும் ஏரிச் சேறு இருப்பது போலிருந்தது.

"துரை பொழுதுக்கும் ஜன்னல்ல நின்னுக்கினு ஏரியத்தானே பாக்கறாரு" என்றார் விலைக்காரர்.

"வேற வேலையே இல்லியா அந்தாளுக்கு" என்றார் மரைக்காயர். சிரித்துவிட்டார்கள். ஒத்துக்கொண்டார்கள்.

துரையிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. வழக்கம்போல இரண்டு வார்த்தையாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தது. கோட்டை ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். பனங்குருத்து கட்டிய கடையில் பெண்கள் வரிசையாக நின்று, சின்னச் சின்னக் கூடைகளில் வாங்கிப் போவதைப் பார்த்தார்கள். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் என் கடைப் பூட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கை விடவில்லை.

ஒரு மாதத்தில் மற்ற நாட்களின் விலையும் தானாக இறங்கியது. பக்கத்துக் கடையில் குருத்து தொங்கும்போது எவன் கூட்டிக் கொடுத்து வாங்குவான்? நெசவுத் தெருவில் பூட்டிய வீடுகள் சில திறந்தன. மழையும் ஒரு வழியாக வந்தது.

நான் போய் நின்றேன். "அய்யா, தணிஞ்சிடுச்சு."

"தணிஞ்சிடுச்சு" என்றார். "இப்ப சொன்னா இன்னொரு தபா வெலை ஏறும்போது பாட்ட ஒடச்சிடுவாங்கப்பா. கொஞ்சம் போவட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. இரண்டு வருஷம் கழித்து விலை ஏறியது, மறுபடி குருத்து கட்டினோம், இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகட்டும் என்றார். கேட்டுக் கேட்டு எனக்கும் நாக்கு தளர்ந்துவிட்டது. கடைத்தெரு அதற்கு "விலைக்காரர் பாடு" என்று பெயர் வைத்துவிட்டது.

அவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். வயிறு ஒட்டி, பாய்க்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் மனைவி மணையை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கேட்கக்கூடாது என்று போயிருந்தேன், கேட்கவும் இல்லை. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"சொல்லியிருக்கணும்" என்றார்.

அதை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. அவர் மனைவிகூட அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டார். தூக்கியவர்களில் நானும் ஒருவன். கனமே இல்லை.

இப்போது அவர் பெயரில் கடைத்தெருவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கப் போகிறார்கள். பஞ்ச காலத்தில் பாடு கண்டு ஊரைக் காத்தவர் என்று கல்லில் வெட்டப் போகிறார்களாம். செட்டியார் மகன்தான் முன்நின்று செய்கிறான். நல்ல பையன், என்னை அய்யா என்றுதான் கூப்பிடுகிறான். பந்தலுக்கு நானும் கொடுத்திருக்கிறேன், குறைத்துக் கொடுக்கவில்லை. அவருக்குக் கல் வைக்க வேண்டியதுதான். அத்தனை ஏச்சையும் வாங்கி விழுங்கிவிட்டு, விலை கூடின கடையில் வாங்கி அரைவயிறு தின்று, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் போன மனிதருக்கு ஒரு கல் போதாது.

ஆனால் பாடு கண்டவர் அவர் இல்லை. நான். யார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவர் பயந்தாரோ அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி என் பெயரைச் சொன்னால் எந்தக் கடையும் மூடாது, எந்தப் பூட்டும் உடையாது. எனக்கும் உடம்பு முடியவில்லை, இதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு அலையத் தெம்பில்லை. கல்தச்சனிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். அவர் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது என்றான். பந்தல் வைக்கிறவர்களே, இதைப் படித்துவிட்டு அந்த வரியில் என் பெயரை வெட்டுங்கள். கூடவே எறாக்காரன் என்றும் வெட்டுங்கள்.